நமக்கு முன்னே பட்டணம் போனது நம் ஊர் உப்பு



மரக்காணத்தை விட்டுத் திருவான்மியூரில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போனில் பேசுகிற எல்லோரும் "சார், மெட்ராஸ் பழகிடுச்சா?" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்திய வாய். அதனால் பதிலும் கொஞ்சம் பாடமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது உப்பு. நம் ஊரில் மூட்டையாகவும் மலையாகவும் பார்த்ததை இங்கே ஒரு கிலோ பாக்கெட்டில் பார்க்கிறேன். தூள் உப்புதான் எல்லாவற்றுக்கும். கல் உப்பு ஜாடி ஊறுகாய்க்கும் திருஷ்டி சுற்றுவதற்கும் என்று ஒரு மூலையில் கிடக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். எங்கள் அடுக்குமாடியில் யார் புதிதாகக் குடிவந்தாலும், கட்டிலும் பீரோவும் லிஃப்டில் ஏறும் முன்பே, பெரியவர் ஒருவர் உப்பும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். வீட்டுச் சாமான் முழுவதையும் செல்போனிலேயே வாங்குகிற பிள்ளைகள்கூட இதை விடவில்லை. குடிபோகும் வீட்டுக்குள் முதலில் நுழைவது உப்பு.

அடுத்து கண்ணில் பட்டது கால்வாய். திருவான்மியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்கு. பல இடங்களில் கறுப்பாக நிற்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பவர்கள் "கூவம் நாறுது" என்கிறார்கள். சென்னையில் நாற்றமடிக்கிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் கூவம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இது கூவம் இல்லை. பக்கிங்காம் கால்வாய். இதன் கரையைப் பிடித்துத் தெற்கே போனால் சோழிங்கநல்லூர், கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம் எல்லாம் தாண்டி அது போய் முடிகிற இடம் எது தெரியுமா? நம் மரக்காணம்.

ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணத்தில் முடியும் இந்தக் கால்வாயின் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். ஒரே நாளில் வெட்டியது அல்ல. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது முதல் துண்டு. பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கொண்டே போனது. கடலில் புயலும் அலையும் பார்த்துப் பயப்படாமல், கரையை ஒட்டியே தோணிகள் போக ஒரு பாதை வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்தத் தோணிகளை நகர்த்தியது மனித உடம்பு. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். உப்பு, விறகு, நெல், சுண்ணாம்பு சுடுவதற்கான கிளிஞ்சல் எல்லாம் இப்படித்தான் சென்னைக்குப் போயின. மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே காய்கறி வாங்குகிற பலருக்கும் பெயர்க் காரணம் தெரியாது. தோணிகள் வந்து சரக்கு இறக்கிய துறை அது. பட்டணத்துக் குழம்பில் நம் பக்கத்து உப்பு கரைந்தது அந்த வழியாகத்தான்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, அதாவது இன்றைய நகரத்தின் நட்ட நடுவில், கால்வாய் நெடுநாள் வெட்டப்படாமல் இருந்தது. அந்த இடைவெளி, சுமார் 8 கிலோமீட்டர், 1877-78-ல் வெட்டி இணைக்கப்பட்டது. அந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தாது வருஷப் பஞ்சம். சுற்றியிருந்த மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு நடந்தார்கள். கால்வாய் வேலை அப்போது பஞ்ச நிவாரண வேலையாக நடந்தது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபு. அவர் பெயர்தான் கால்வாய்க்கு. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நிவாரண வேலைக்கு என்ன கூலி? 1877-ன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் 450 கிராம். அதை வைத்துக்கொண்டு மண் வெட்ட வேண்டும். இது உயிர் காக்கப் போதாது என்று மாகாண சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

பஞ்ச காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. சென்னை மாகாணத்தில் ஒரு மணங்கு உப்புக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ. கஞ்சி கிடைப்பதே பெரிது என்ற நேரத்தில் அந்தக் கஞ்சிக்குப் போடும் உப்பும் விலை ஏறியது. 1805 முதல் இந்த மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம். கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது ஏன் இத்தனை பேரின் நெஞ்சைத் தொட்டது என்பது உப்பளக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் கரையின் கதை இதைவிடப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மா துறைமுகத்தையும் சிலர் நம் ஊராகவே சொல்கிறார்கள். உப்பு வணிகரான உமணர், வண்டி வண்டியாக உப்பேற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லாக மாற்றி வந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்களாம். இன்றைய காருக்கு ஸ்டெப்னி போல. அவர்களும் புது ஊர், புது முகம் என்று பார்த்தவர்கள்தானே?

அந்தக் கால்வாய் இப்போது எப்படி இருக்கிறது? 1965, 1966 புயல்கள் பலமாகச் சேதப்படுத்தின. லாரி வந்த பிறகு தோணிக்கு வேலை குறைந்தது. நகரத்துக்குள் சாக்கடை கலந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. திருமயிலை நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், தாங்கள் ஒரு பழைய நீர்வழியின் மேல் நிற்கிறோம் என்று நினைப்பதில்லை. இத்தனைக்கும், 2004 சுனாமியின்போது பல இடங்களில் உள்ளே புகுந்த கடல் தண்ணீரை வாங்கிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைத்தது இதே கால்வாய்தான். 2008-ல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான நீர்வழியை தேசிய நீர்வழி 4-ன் பகுதியாக அறிவித்தார்கள். திருவான்மியூரில் இதுவரை ஒரு தோணியையும் நான் பார்க்கவில்லை.

மறுமுனையில் நம் ஊரில் உப்பு இன்னும் விளைகிறது. கடல் தண்ணீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவைத்து, கெட்டிப்படுத்திய பிறகே மணி கட்டும். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உப்புத் தண்ணீர் காலைப் பிளக்கும். அதனால்தான் விடியும் முன்பே வேலைக்கு இறங்குகிறார்கள். ஒரு ராத்திரி மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்து போகும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மாதக்கணக்கில் வேலையே இல்லை. அந்த மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பலர் படித்ததே அந்தப் பாத்தியில் நின்ற அம்மா அப்பாவின் கூலியில்தான்.

சென்னைக்கு வேலைக்கு வந்த என் மாணவர்களில் சிலர், "எந்த ஊர்?" என்று கேட்டால் "பாண்டி பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். பிள்ளைகளே, இந்த நகரத்துக்கு நாம் புதிதாக வந்து ஒண்டியவர்கள் இல்லை. நமக்கு முன்னே நம் உப்பு வந்துவிட்டது. அது வந்த வழியை, பசியோடு நடந்து வந்த நம்மைப் போன்றவர்கள் மண்வெட்டியால் திறந்தார்கள். மரக்காணம் என்று வாய் நிறையச் சொல்லுங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். அடுத்த முறை அந்தக் கால்வாய்ப் பாலத்தைக் கடக்கும்போது, வண்டியில் இருக்கும் குழந்தையிடம் இதன் இன்னொரு முனை நம் பாட்டி ஊரில் இருக்கிறது என்று சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிக்குப் போகிறவர்கள், உப்புக் குவியலைப் போட்டோ எடுத்ததோடு போய்விடாமல், வேலை செய்கிறவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். தோணியில் உப்பு ஏற்றியதைப் பார்த்த தாத்தா பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால், அவர்கள் சொல்வதை அப்படியே கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயர், தோணியின் அளவு, கூலி, எத்தனை நாள் பயணம், எது கிடைத்தாலும் சரி. இந்தப் பாடத்துக்குப் புத்தகம் இல்லை. நாம்தான் எழுத வேண்டும்.

அனைவரும் நலமாக இருங்கள்.