இரு கோடுகளும் சில புள்ளிகளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, அண்டைப் பங்கிலிருந்த முதிய குரு ஒருவரிடம் பாவசங்கீர்த்தனத்திற்குச் சென்றிருந்தேன். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: என்னைத் தேடி வருவோரிடம் சினந்து பேசிவிடுகிறேன். "எத்தனை முறை?" என்று கேட்டார். "பல முறை, சுவாமி" என்றேன். "பல என்பது எண் ஆகாதே" என்றார் அவர். வேறொன்றும் கூறாமல் பாவமன்னிப்பு வழங்கி அனுப்பிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குறையை ஒரே சொற்களால் அறிக்கையிட்டு வந்த நான், அதை ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது இல்லம் திரும்பும் வழியில்தான் உறைத்தது. இத்தனைக்கும் எண்ணுவது எப்படி என்று குருமடத்தில் கற்றுத் தந்திருந்தார்கள்.

அன்றிரவு அலமாரியிலிருந்து எடுத்த நூல் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்'. திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு 1548இல் உரோமையில் அச்சேறிய சிறு நூல் அது. அதன் தொடக்கப் பகுதியிலேயே, கணக்கப்பிள்ளையின் பேரேட்டை நினைவூட்டும் ஒரு படம் காணப்படும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டிரண்டு கோடுகள், ஆக ஏழு இணைகள். காலையில் எழுந்தவுடன், எந்த ஒரு குறையைக் களைய விரும்புகிறோமோ அதை மட்டும் மனத்தில் நிறுத்த வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின், எழுந்த நேரம் முதல் மணிமணியாக நினைவுகூர்ந்து, எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளிகளை மேல்கோட்டில் இட வேண்டும். இரவு உணவுக்குப் பின் கீழ்க்கோட்டில் அவ்வாறே. பிறகு கோட்டைக் கோட்டோடும், நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். தவறும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து வருந்தவேண்டும் என்றும், பலர் நடுவே இருந்தாலும் அருகிலிருப்போர் அறியாமல் இதைச் செய்யலாம் என்றும் கூறுகிறார். பல பதிப்புகளில் இக்கோடுகள் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகின்றன. புள்ளிகள் குறையும் என்ற நம்பிக்கையையே படமாக வரைந்துவிட்டார்கள் போலும்!

இவ்வழக்கத்தின் வேர் இன்னும் பழையது. உரோமைத் தத்துவ அறிஞர் செனெக்கா, விளக்கு அகற்றப்பட்டு, தம் வழக்கம் அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பின், அன்றைய நாள் முழுவதையும் தமக்குத் தாமே விசாரித்ததாக எழுதியுள்ளார். இதை அவர் எழுதியது சினத்தைப் பற்றிய நூலில் என்பது என்னைச் சற்றுக் கூச வைத்தது. நாள்தோறும் நீதிபதியின் முன் நிற்க வேண்டும் என்று தெரிந்தால் சினம் தானே தணியும் என்பது அவர் கருத்து. புனித அத்தனாசியார் எழுதிய வரலாற்றில், வனத்துப் புனித அந்தோனியாரும் தம் துறவியரிடம், பிறருக்குக் காட்டப் போவது போல உங்கள் செயல்களையும் எண்ணங்களையும் எழுதி வையுங்கள் என்று அறிவுறுத்துகிறார்.

எனினும் கணக்கு வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதை இஞ்ஞாசியாரைவிட நன்கு அறிந்தவர் இலர். 1521இல் பம்பலோனாக் கோட்டையில் காலில் குண்டடிபட்ட அந்தப் படைவீரர், மறு ஆண்டு மன்ரேசா நகரில் நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். முன்பு அழகு பார்த்து வளர்த்த முடியை வாராமலும், நகங்களை வெட்டாமலும் விட்டுவிட்டார். அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் துருவி எண்ணினார். அந்த மனவாட்டம், தம் அறையிலிருந்த ஒரு பெரிய துளை வழியே குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் அளவுக்கு முற்றியது. இனிப் பழைய பாவங்களை அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பின்னரே விடுதலை பெற்றார். அவர் பின்னாளில் ஒரே ஒரு குறையை மட்டும் எண்ணச் சொன்னதற்கு இந்தப் பட்டறிவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மன்ரேசாவில் நடந்த மற்றொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். உறங்கச் செல்லும் வேளையில் பெரும் ஆன்மிக ஒளியும் ஆறுதலும் அவருக்கு வரத் தொடங்கின, உறக்கம் கெட்டது. செபத்திற்கென்று இத்தனை நேரம் ஏற்கெனவே ஒதுக்கியிருக்க, இது உறங்கும் நேரமாயிற்றே என்று எண்ணி, அந்த ஆறுதல்களை ஒதுக்கிவிட்டு உறங்கினார். 1524இல் பார்சிலோனாவில், முப்பது வயதைக் கடந்தவராக இலத்தீன் இலக்கணம் மனப்பாடம் செய்ய அமர்ந்தபோதும் அதே போன்ற இன்பங்கள் குறுக்கிட்டன. ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று, உண்ண ரொட்டியும் பருகத் தண்ணீரும் கிடைக்கும் வரை இரண்டு ஆண்டுகள் பாடத்தைத் தவறாமல் கேட்பதாக வாக்களித்தார். அத்தோடு அந்தச் சோதனை அகன்றது. செபத்தின் இனிமையையே இடையூறு என்று அறிந்து விலக்கிய புனிதரை வேறெங்கும் நான் கண்டதில்லை!

அவருக்கு முத்துக்குளித்துறையிலிருந்து கடிதங்கள் எழுதிய அண்டிரிக் அடிகளார், பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்ய உதவும் கையேடு ஒன்றை 1580இல் கொச்சியில் தமிழில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்றே, தன்னைத்தான் ஆராய்ந்து பார்க்கும் வழக்கத்திற்குத் துணை செய்ய வந்தது என்பது நமக்குப் பெருமையன்றோ?

கத்தோலிக்கர் அல்லாத அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினும் 18ஆம் நூற்றாண்டில் இதே வழியில் நடந்தார். 13 நற்பண்புகள், வாரத்திற்கு ஒன்று. ஆண்டில் நான்கு சுற்று. குறியிட்டுச் சுரண்டியதில் தாள் துளைபட்டுப் போகவே, தந்தத் தகடுகளுக்கு மாறி, ஈரக் கடற்பஞ்சால் அழித்து மீண்டும் எழுதினார். அவரைக் கடைசி வரை ஏய்த்த பண்பு ஒழுங்கு. பொருளை அதனதன் இடத்தில் வைக்க அவருக்கு வரவே இல்லை. 2010இல் லண்டனில் பிலிப்பா லாலியும் துணை ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் தானாக நிகழும் வழக்கமாக மாறுவதற்கு நடுவளவாக 66 நாள்கள் ஆகின்றன. சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லையாம். மன்ரேசா இஞ்ஞாசியாரிடம் அன்று எவராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

என் மேசை இழுப்பறையிலும் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. முதல் வாரம் புள்ளிகளைக் கண்டு மலைத்துப் போனேன். மணிமணியாக நினைவுகூரச் சொன்னாரல்லவா? அப்படிச் செய்தபோது, பெரும்பாலான புள்ளிகள் முற்பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் விழுந்தவை என்று தெரிந்தது. பள்ளிச் சேர்க்கைக்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு மக்கள் வரும் நேரம் அது. விடியற்காலைத் திருப்பலிக்குப் பின் நான் ஒன்றும் உண்ணாமல் அமர்ந்திருக்கும் நேரமும் அதுவே. உபதேசியார் இப்போது பத்தரை மணிக்கு ஒரு குவளை மோர் கொண்டுவந்து வைக்கிறார். எதற்கென்று அவரிடம் நான் சொல்லவில்லை. சென்ற வாரம் புதனன்று இரு கோடுகளும் வெறுமையாய் இருந்தன. வியாழனன்று மேல்கோட்டில் மூன்று.