பிள்ளைகள் எழுதிய செய்தித்தாள்

போலந்தின் தலைநகரான வார்சாவில், 1912ஆம் ஆண்டு, யூத அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றார் குழந்தை மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். உடல்நோயை அறியப் பழகிய அவர், பிள்ளைகளின் மனக்காயத்தை அறிய அவர்தம் சொல்லுக்கே செவிசாய்த்தார். இல்லத்திற்கென வாரச் செய்தித்தாள் ஒன்று இருந்தது. பிள்ளைகளே நீதிபதிகளாய் அமர்ந்த மன்றமும் இருந்தது. சிறுவன் ஒருவனை அறைந்துவிட்டதற்காக, கோர்ச்சாக் தம்மையே அம்மன்றத்தின் முன் நிறுத்திக்கொண்டார் என்பதை நாம் வியப்புடன் நினைவுகூர்கிறோம்.

1926 அக்டோபரில், யூத நாளிதழ் ஒன்றின் இணைப்பாக, சிறுவர் வார இதழொன்றையும் அவர் தொடங்கினார். பள்ளியில் நேர்ந்த அவமானம், வீட்டுத் துயரம், சின்னஞ்சிறு மகிழ்ச்சி ஆகியவற்றைப் பிள்ளைகள் எழுதியனுப்பினர். பெரியோர் அற்பமெனத் தள்ளியவை அங்கே அச்சேறின. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் அவ்விதழ் நின்றது. 1942 ஆகஸ்டில் நாசிகள் அப்பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது, தப்பிக்கும் வாய்ப்புகளை மறுத்து, ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு அவரும் சென்று உயிர்நீத்தார். இறுதிவரை உடனிருத்தல் என்பதே அவர் கற்பித்த பாடம்.

பள்ளிகளில் காலைதோறும் உலகச் செய்திகளை வாசிக்கச் செய்கிறோம். வாசிக்கும் பிள்ளையின் நெஞ்சிலுள்ள செய்தியைக் கேட்க நாம் நேரம் ஒதுக்குகின்றோமா?