இஸ்திரிப்பெட்டிக் கம்பியில் பிறந்த ஹீட்டர்

டீசல் அம்பாசிடரும் மேட்டடார் வேனும் ஓடிய காலத்தில், ‘ஹீட்டர் போட்டு எடு’ என்றால் என்னவென்று தருமபுரிப் பக்கத்துப் பாலக்கோடு, பென்னாகரம் டிரைவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. சாவியைப் பாதி திருப்பி, சில நொடி பொறுத்து, பிறகுதான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். பின்னால் வந்த வண்டிகளில் சுருள் கம்பிப் படம் போட்ட விளக்கு அணையும்வரை காத்திருந்தால் போதும். அவசரப்பட்டால் இன்ஜின் வெள்ளைப் புகையைத் துப்பிவிட்டு அடங்கிவிடும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் பேட்டரியும் இறங்கி, வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

தருமபுரி மாவட்டத்தில் பனி கொட்டும் மார்கழி விடியலிலும் வெப்பநிலை உறைநிலையை எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியிருந்தும் இந்த ஹீட்டர் பிளக் ஏன் வேண்டியிருந்தது? டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை இறுக்கி நெருக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் சுற்றியுள்ள இரும்பு ஆறிக் கிடந்தால், காற்றில் பிறக்கும் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். அம்பாசிடர், மேட்டடார் இன்ஜின்களில் டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரியத் தொடங்கும். அந்த அறையின் சுவர் சூட்டை வேகமாகக் குடித்துவிடுவதால் உள்ளே ஒரு கம்பி சிவக்கக் காய்ந்தாக வேண்டும். டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெரிய லாரி இன்ஜின்களுக்கு நம் ஊர்க் குளிரில் அது தேவைப்படவில்லை. ஆயில் இன்ஜின் வைத்துக் கிணற்று நீர் இறைத்த விவசாயி டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியைச் சுழற்றி வேகம் பிடித்ததும் லீவரை விட்டாலே இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

ஹீட்டர் பிளக்கின் கம்பிக்கு முன்னோடி ஒரு ஊதுவிளக்கு. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் 1890இல் காப்புரிமை பெற்ற எண்ணெய் இன்ஜினை, கிராந்தம் நகரத்து ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தலையில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். ஊதுவிளக்கின் தீயை அந்தக் குமிழில் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் தன் சூட்டிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து காட்டிய அந்தத் தீயின் வேலையை உள்ளிருந்து செய்ய மின்கம்பி வந்தது. சந்தைக்கு வந்த முதல் டீசல் கார்களில் ஒன்றான மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி, 1936இலேயே ஹீட்டர் பிளக்கோடுதான் வந்தது.

இதெல்லாம் காற்றைச் சூடாக்கும் கதை. இன்ஜினையே சூடாக்கும் கதை வேறொரு மண்ணில் நடந்தது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் கனடா எல்லையை ஒட்டிய சமவெளி. காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லாத பல இடங்களில் குளிர்காலத்தில் மைனஸ் முப்பது சகஜம். அங்கே ஓடியவை பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். பொறி இருந்தும் பயனில்லை. ஆயில் கெட்டித்துப்போய் உள்ளே எதையும் அசையவிடாது. பெட்ரோல் ஆவியாகாது. பேட்டரியின் பலமோ மைனஸ் பதினெட்டிலேயே ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதிக பலம் தேவைப்படும் வேளையில் குறைந்த பலமே கிடைக்கும். அதனால் விவசாயிகள் இரவில் இன்ஜின் ஆயிலை வடித்து வீட்டுக்குள் அடுப்பருகே வைத்து, காலையில் சுடச்சுட ஊற்றுவார்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்துவிடுவார்கள். ஆயில் சட்டிக்கு அடியில் தணல் தட்டு வைப்பவர்களும் உண்டு. கொஞ்சம் பிசகினால் வண்டியோடு கொட்டகையும் எரிந்துபோகும்.

ஆண்ட்ரூ ஃப்ரீமன் இந்தச் சமவெளிக்காரர். கார் கம்பெனிக்காரர் அல்ல. கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் மின்கோட்டா மின்சாரக் கூட்டுறவு அமைப்பின் மேலாளர். 1936இல் வந்த ஊரக மின்மயச் சட்டத்தின் துணையோடு பண்ணைகளுக்குக் கம்பி இழுத்த தலைமுறை அது. வீட்டுக்குப் பக்கத்தில் மின்சாரம் வந்துவிட்டது, வாசலில் நிற்கும் வண்டியோ காலையில் உயிர்பெற மறுக்கிறது. இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர் ஃப்ரீமன். கையில் கிடைத்த செம்புக் குழாயையும், பழைய இஸ்திரிப்பெட்டி ஒன்றின் சூட்டுக் கம்பியையும் வைத்து முதல் ஹீட்டரைச் செய்தார்.

அவருடைய யோசனையின் அழகு ஹீட்டரைவிட அதை வைத்த இடத்தில் இருக்கிறது. இன்ஜினைத் துளையிட வேண்டாம், வெட்ட வேண்டாம். சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே மரையில் பொருந்தும் ஹீட்டர் போல்ட்டை மாட்டிவிட்டால் போதும். இன்ஜினைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கி இரும்புக்குப் பரப்பும். ஒயரை முன்பக்கமாக வெளியே விட்டு பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கப் போகலாம். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எந்த விவசாயியும் தானே மாட்டிக்கொள்ளக்கூடிய பொருள். 1949 நவம்பர் 8இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ‘ஹெட்போல்ட் ஹீட்டர்’ என்ற பெயர் அந்தப் பக்கத்தில் இன்றும் புழங்குகிறது.

இன்ஜின்களின் வடிவம் மாறியபோது ஹீட்டரும் இடம் மாறியது. இன்ஜின் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே தங்கும் மணலை எடுக்கத் துளைகள் விடுவார்கள். பிறகு அவற்றை வட்டத் தகடு அடித்து மூடுவார்கள். அந்தத் தகடு ஒன்றைப் பெயர்த்துவிட்டு அங்கே ஹீட்டரைச் செருகுவதே இன்று பெருவழக்கு. கனடாவின் வின்னிபெக், எட்மன்டன் நகரங்களுக்குக் குடிபோன தமிழர்கள் முதல் குளிர்காலத்தில் வியந்து பார்ப்பது, கார்களின் முகப்பிலிருந்து தொங்கும் இந்த ஒயரைத்தான். இரவு முழுக்க ஓடவிடத் தேவையில்லை. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் டைமர் வைத்தால் போதும். 500 வாட் ஹீட்டர் என்றால் ஒன்றரை யூனிட் மின்சாரம்.

ஆனால் பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் இரவு தங்கும் லாரிக்கு இது உதவாது. அதற்காக ஐரோப்பாவில் வளர்ந்தது டீசலை எரித்தே சூடு தரும் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் இரண்டும் அந்தத் துறையில் பழம்பெயர்கள். வண்டியின் டேங்கிலிருந்து துளித்துளியாக டீசல் எடுத்து, சின்னஞ்சிறு அடுப்பில் எரித்து, இன்ஜின் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூடாக்கும். விலை அதிகம். என்றாலும் சாலையிலேயே வாழ்பவனுக்கு உரிய ஹீட்டர் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தச் சாலை வாழ்க்கைக்காரர்களில் நம்மவர்களும் உண்டு. தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44, வடக்கே ஸ்ரீநகர்வரை ஒரே சாலை. ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை 1980இல் வந்தபோது அந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல்தான் ஓசூரையும் சேர்த்துக்கொண்டு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இந்த வட்டாரத்தில் பிறந்த லாரியும் இந்த வட்டாரத்து டிரைவரும் காஷ்மீரத்துக் குளிரில் போய் நிற்பது கற்பனை அல்ல. அங்கே போய்வந்த டிரைவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: “இன்ஜினை ராத்திரி பூரா ஆஃப் பண்ணவே மாட்டோம் அண்ணா. ஆஃப் பண்ணா காலைல டேங்க் அடியில தீ வைக்கணும்.” கந்தல் துணியைக் கம்பியில் சுற்றி, டீசலில் நனைத்து, டேங்குக்கும் பைப்புக்கும் காட்டுவார்கள். ஃப்ரீமன் ஊர் விவசாயி தணல் தட்டு வைத்த அதே கைவேலை, அதே அபாயம்.

ஆனால் இவர்களுடைய சிக்கல் ஃப்ரீமனுடையது அல்ல. இங்கே குளிர் முதலில் பிடிப்பது டீசலை. டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிரக் குளிர அது துகளாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும், பிறகு டீசலே கூழாகும். இந்தியத் தரநிர்ணயம் டீசலின் உறைபுள்ளிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கோடையில் 15 டிகிரி, குளிர்காலத்தில் 3 டிகிரி. சமவெளிக்கு அது போதும். மைனஸ் இருபதுக்கும் கீழே போகும் லடாக்கின் திராஸ் போன்ற ஊருக்கு எப்படிப் போதும்? இன்ஜினைச் சூடாக்கி என்ன பயன், அதற்குள் எரிபொருள் வந்துசேராவிட்டால்? 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. லாரிகள் அந்த மலைகளில் ஏறத் தொடங்கி எத்தனையோ பத்தாண்டுகள் கழித்து வந்த ஏற்பாடு.

ஆகவே வண்டிக்கு ஹீட்டர் வாங்க நினைக்கும் உரிமையாளர் கடைக்குப் போகும் முன் டிரைவரிடம் கேட்க வேண்டும்: காலையில் இன்ஜின் சுற்றவே மறுக்கிறதா, சுற்றியும் பிடிக்க மறுக்கிறதா, பிடித்துச் சில நிமிடத்தில் மூச்சடைத்து நிற்கிறதா? சுற்ற மறுத்தால் கோளாறு பேட்டரியிலும் ஆயிலிலும். பேட்டரியை மாற்றி, குளிருக்கேற்ற இளக்கமான ஆயில் ஊற்றினாலே பாதி தீரும். சுற்றியும் வெள்ளைப் புகையோடு நின்றால் சிலிண்டர் ஆறிக் கிடக்கிறது. அங்கே ஹீட்டர் பிளக்கும் பிளாக் ஹீட்டரும் கைகொடுக்கும். பிடித்துவிட்டு நின்றால் மெழுகு. அதற்கு ஃபில்டரையும் டீசல் பைப்பையும் சூடாக்கும் ஹீட்டரும் குளிர்கால டீசலும்தான் மருந்து. ஆயில் அளவுகோல் துளையில் விடும் மலிவு ஹீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மெல்லிய கம்பியால் லாரியின் ஆயில் சட்டியைச் சூடாக்க முடியாது.

பிஎஸ் 6 வண்டிகளில் இன்னொரு திரவமும் சேர்ந்திருக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் யூரியா கரைசல் மைனஸ் 11இல் உறையும். அதைக் கண்டு பதற வேண்டாம். உறைந்தாலும் இன்ஜின் கிளம்பும், பிறகு சூடேறும்போது அது தானே உருகும்படிதான் டேங்கை அமைத்திருக்கிறார்கள். பதற வேண்டியது கந்தல் துணித் தீயைக் கண்டுதான். குளிர்காலத்தில் மலைக்கு வண்டி அனுப்பும் உரிமையாளர் ஃபில்டர் ஹீட்டருக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. நூற்றுக்கணக்கான லிட்டர் டீசலுக்கு அடியில் தீப்பந்தத்தோடு படுத்திருப்பவன் அவருடைய டிரைவர்.