வரி கட்டுனவரும் டிக்கெட் வாங்குனவரும்

எங்க நாகலாபுரம் பக்கம் கோயில் கொடைன்னா தலைக்கட்டு வரி பிரிச்சு, வெத்தலைபாக்கோட மேளக்காரருக்கு அச்சாரம் கொடுப்பாங்க. காசு கொடுத்தவர், பேசி முடிச்சவர், கேக்குறவர் எல்லாமே ஒரே ஊர். குறைன்னா அங்கேயே பஞ்சாயத்து!

டிக்கெட் வந்ததும் நடுவுல ஒரு கம்பெனி வந்துடுச்சு. 2023 செப்டம்பர் 10, சென்னை ஈசிஆர்-ல ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’. ஏற்கெனவே ஆகஸ்ட் 12-லிருந்து மழையால் தள்ளிப்போன கச்சேரி. டிக்கெட் வைத்திருந்த பலரால் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாகவும் புகார். (லோடு டெஸ்ட் பண்ணாத சர்வர் ஞாபகம் வந்தது.) பொறுப்பு தங்களுடையதுன்னு ஏற்பாட்டாளர் ஏசிடிசி மன்னிப்பு கேட்டது. ஆனா ரசிகர்கள் கேள்வி கேட்டது ரஹ்மானைத்தான். அது நியாயம்னுதான் நினைக்கிறேன்; அவர் பேருக்குத்தானே வந்தாங்க? அவரும் ஒதுங்கல, டிக்கெட் நகலையும் குறையையும் மெயில் அனுப்பச் சொன்னார்.