பீற்றூட்டும் உருளைக்கிழங்கும்: குளிர்காலத்துக்கு ஒரு சட்டி போர்ஷ்

நவம்பர் பிறந்ததும் புலம்பெயர் நாடுகளின் கடைகளில் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் கைக்கெட்டாத விலைக்குப் போய்விடுகின்றன. அந்த நேரத்திலும் மலிவாகக் கிடைப்பவை பீற்றூட், உருளைக்கிழங்கு, கரட், கோவா. இவை நமக்குப் புதியவை அல்ல. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் மிளகாய், வெங்காயத்தோடு உருளைக்கிழங்கும் தோட்டக்காரருக்குக் கைகொடுத்தது. பீற்றூட்டும் அதே மண்ணில் விளைந்தது. ஆனால் நம் குசினியில் பீற்றூட் என்றால் கறி, உருளைக்கிழங்கு என்றால் வெள்ளைக்கறி அல்லது பிரட்டல். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு, ஒரு நேரச் சாப்பாடாகவே நிற்கக்கூடிய சூப் வைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அது கிழக்கு ஐரோப்பியரின் பழக்கம்.

2022 கோடையில் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்கு ஓர் உக்ரேனியக் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டு மூதாட்டியிடம்தான் நாங்கள் இந்தச் சூப்பைப் பழகினோம். அவரிடம் எழுதிய செய்முறை எதுவும் இருக்கவில்லை. எல்லாம் கைக்கணக்கு. அவர் சட்டியில் போடுமுன் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டோம். அவருடைய பேத்தியும் பக்கத்தில் நின்று தனக்கு ஒரு பிரதி எழுதினாள். கீழே உள்ள அளவுகள் அப்படி எழுதப்பட்டவை.

போர்ஷ் என்னும் பெயர்

இந்தச் சூப்பை உக்ரேனியர் போர்ஷ் என்றும் போலந்துக்காரர் பார்ஷ்ச் என்றும் சொல்வர். இந்தச் சொல் முதலில் பீற்றூட்டைக் குறிக்கவில்லை. சிலாவிய மொழிகளில் அது ஈரமான புல்வெளிகளில் வளரும் ஒரு காட்டுச் செடியின் பெயர். அதன் தண்டையும் இலையையும் புளிக்க வைத்துக் காய்ச்சிய புளிப்புக் கஞ்சிதான் முதல் போர்ஷ். பின்னர் பீற்றூட் அந்த இடத்தைப் பிடித்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை. ஆகவே அவை சட்டிக்குள் வந்தது அதற்கும் பிந்தித்தான். மாறாமல் இருந்தது புளிப்பு மட்டுமே. புளிப்பில்லாத போர்ஷை உக்ரேனியர் போர்ஷ் என்று ஒப்புக்கொள்வது அரிது.

2022 ஜூலை 1ஆம் திகதி யுனெஸ்கோ நிறுவனம் உக்ரேனியப் போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை, அவசரமாகப் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. யெவ்ஹென் குளோப்பொத்தென்கோ என்ற சமையற்கலைஞர் அதற்காக முன்னின்று உழைத்தார். போர் தொடங்கி நான்கு மாதம் கடந்திருந்த நேரம் அது. மக்கள் ஊரை விட்டு ஓடியதால் தோட்டத்தில் மரக்கறி வைக்கவும், ஒன்றாகக் கூடிச் சமைக்கவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியாமற் போகிறது என்பதே சேர்த்ததற்குக் காரணம். போலந்து, ரஷ்யா, லித்துவேனியா, பெலாரஸ் வீடுகளிலும் போர்ஷ் உண்டு. அந்தப் பட்டியல் ஒருவருக்கு மட்டும் உரிமை எழுதிக் கொடுப்பதல்ல. ஊரை இழந்தவர்களோடு சமையலும் அழிந்துவிடக்கூடாது என்ற அக்கறை அது. 1990களில் இடம்பெயர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

6 பேருக்குத் தேவையானவை

பீற்றூட் 500 கிராம், அதாவது நடுத்தர அளவில் 3. உருளைக்கிழங்கு 400 கிராம். கோவா 250 கிராம். பெரிய கரட் 1. பெரிய வெங்காயம் 1. தக்காளிப் பசை 2 மேசைக்கரண்டி. உள்ளி 4 பல். எண்ணெய் 3 மேசைக்கரண்டி. வினாகிரி 1 மேசைக்கரண்டி. பே இலை 2. முழு மிளகு 10. உப்பு அளவாக. தண்ணீர் 3 லீற்றர். மேலே தூவ டில் இலை ஒரு பிடி. நாட்டு மருந்துக்கடையில் சதகுப்பை என்று விதையாக விற்கப்படும் செடியின் இலைதான் இது. பரிமாறும்போது ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி சவர் கிரீம். கிடைக்காவிட்டால் கெட்டித் தயிர் போதும்.

உக்ரேனியர் மாட்டு அல்லது பன்றி விலா எலும்பு 700 கிராம் அளவில் சேர்ப்பார்கள். ஆட்டெலும்பிலும் கோழியிலும் செய்யலாம். சைவம் என்றால் காய்ந்த காளான் 20 கிராமைச் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இது நாமாகச் செய்த மாற்றம் அல்ல. நத்தாருக்கு முந்திய இரவில் உக்ரேனியரும் போலந்துக்காரரும் இறைச்சி சேர்க்காமல் காளான் போட்டே போர்ஷ் வைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடையில் பீற்றூட்டை ஜெர்மனியில் ரோட்டே பேட்டே என்றும், சுவிஸின் ஜெர்மன் மொழிப் பகுதியில் ராண்டன் என்றும், பிரான்சில் பெத்ராவ் என்றும் கேளுங்கள். பிரான்சிலும் சுவிஸிலும் ஏற்கனவே அவித்துப் பொதிசெய்த பீற்றூட்தான் அதிகம் கண்ணில் படும். அதையும் பாவிக்கலாம். ஆனால் துருவிக் கடைசி 5 நிமிடத்தில் மட்டும் சேருங்கள்.

செய்முறை

முதலில் எலும்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை அகப்பையால் அள்ளி எறிந்துவிட்டு, பே இலையும் மிளகும் போட்டு, நெருப்பைக் குறைத்து ஒன்றரை மணி முதல் 2 மணி நேரம் அவிய விடுங்கள். காளான் சூப்புக்கு அரை மணி நேரம் போதும்.

அது அவியும்போது வேறொரு அகலச் சட்டியில் எண்ணெய் விட்டு, வெங்காயத்தையும் துருவிய கரட்டையும் வதக்குங்கள். பொன்னிறம் வரத் தேவையில்லை. பிறகு துருவிய பீற்றூட்டையும் வினாகிரியையும் சேர்த்துக் கிளறி, தக்காளிப் பசையும் ஓர் அகப்பை எலும்புச் சாறும் விட்டு மூடி, குறைந்த நெருப்பில் 20 நிமிடம் வையுங்கள். துருவியிருப்பதால் வினாகிரி இருந்தாலும் பீற்றூட் இந்த நேரத்துக்குள் வெந்துவிடும்.

எலும்புச் சாற்றில் உப்பும், பெரிய துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்கும் போடுங்கள். சுமார் 10 நிமிடத்தில் கத்தி இலகுவாக இறங்கும். பிறகு மெல்லியதாக அரிந்த கோவாவைப் போட்டு 5 நிமிடம் விடுங்கள். உருளைக்கிழங்கு முழுதாக வெந்ததென்று உறுதியான பின்தான் பீற்றூட் கலவையை இதற்குள் கொட்டவேண்டும். அதன் பிறகு 5 நிமிடம் மெல்லக் கொதித்தால் போதும். நசுக்கிய உள்ளியையும் டில் இலையையும் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி அரை மணி நேரம் விடுங்கள். புளிப்புக் காணாவிட்டால் தேசிக்காய்ச் சாறு பிழியுங்கள். அடுத்த நாள் சூடாக்கிக் குடித்தால் இன்னும் ருசி.

பிழைகளும் காரணங்களும்

முதல் தடவை தனியாகச் செய்தபோது எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டு, வினாகிரியையும் தொடக்கத்திலேயே ஊற்றினோம். ஒரு மணி நேரம் கொதித்தும் உருளைக்கிழங்கு கடினமாகவே இருந்தது. அந்த மூதாட்டி ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டுச் சிரித்தார். காய்கறியின் கலங்களைப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். புளிப்பு நீரில் அது இலகுவில் கரையாது. அதனால் கிழங்கு மசியாது. நாம் புளிக்குழம்பில் கிழங்கை முதலில் அவித்து, பிறகு புளி விடுவதும் இதற்காகத்தான்.

இரண்டாவது தடவை நிறம் போனது. பீற்றூட்டின் சிவப்பு நீரில் கரையும் நிறம். நீண்ட நேரக் கொதிப்பில் அது சிதைந்து மண்ணிறமாகும். புளிப்பு அதைக் காக்கும். ஆகவே பீற்றூட்டுக்கு முதலே புளிப்பு வேண்டும், உருளைக்கிழங்குக்கு முதலில் புளிப்பு ஆகாது. இரண்டையும் வெவ்வேறு சட்டியில் தொடங்குவதன் காரணம் இதுவே.

பீற்றூட்டின் மண் வாசம் பிடிக்காதவர்கள் தோலைத் தடிப்பாகச் சீவுங்கள். புளிப்பும் உள்ளியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மிளகாய்த்தூளில் கை வைக்காமல் ஒரு தடவையாவது குடித்துப் பாருங்கள். உறைப்பு வேண்டுமானால் பச்சைமிளகாயைக் கடித்துக்கொள்ளலாம்.

வேறு சில வகைகள்

லித்துவேனியாவில் கோடையில் இதைக் குளிராகக் குடிப்பார்கள். அவித்துத் துருவிய பீற்றூட், வெள்ளரிக்காய், வெங்காயத்தாள், டில் இலை எல்லாவற்றையும் கெஃபிர் என்னும் புளித்த பாலில் கலந்தால் பளிச்சென்ற ரோசா நிறம் வரும். மேலே அவித்த முட்டை வைத்து, பக்கத்துத் தட்டில் சுடச்சுட அவித்த உருளைக்கிழங்கு கொடுப்பார்கள். நம் மோர் குடிப்பவர்களுக்கு இது உடனே பிடிக்கும்.

போலந்தில் நத்தார் முன்னிரவில் வைப்பது தெளிந்த சாறு. காய்கறித் துண்டு எதுவும் இருக்காது. காளான் அடைத்த சிறு மாவுருண்டைகள் மட்டும் மிதக்கும். யூதர்களின் உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. எனவே அவர்கள் எலும்புச் சாற்றில் வைத்தால் கிரீம் விடமாட்டார்கள். கிரீம் விடுவதாயின் இறைச்சி இல்லாமல் வைப்பார்கள்.

புளிப்புக்கு வினாகிரிக்குப் பதிலாகப் புளித்த பீற்றூட் நீரும் விடலாம். 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து, தோல் சீவிய பீற்றூட் துண்டுகள் மூழ்கும்படி கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்காமல் 5 முதல் 7 நாட்கள் வீட்டுச் சூட்டில் வையுங்கள். மேலே மெல்லிய வெண்படலம் வந்தால் அள்ளிவிடலாம். பஞ்சு போன்ற பூஞ்சணம் வந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

உடல்நலம் பற்றி

எங்கள் வீட்டு அம்மம்மா முதல் நாள் இரண்டு கோப்பை குடித்தார். மறுநாள் விடிய, “பிள்ளை, எனக்கு இரத்தம் போகுது” என்று நடுங்கிய குரலில் கூப்பிட்டார். உடுப்பு மாற்றி வைத்தியசாலைக்குப் புறப்படும் வேளையில்தான் பீற்றூட்டின் நினைவு வந்தது. சிலருக்கு அதன் நிறம் சிறுநீரிலும் மலத்திலும் சிவப்பாக வெளியேறும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். தீங்கில்லை. ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். தனியாக வாழும் முதியவர்களுக்குச் சூப் கொடுக்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் பீற்றூட் சாப்பிடாத நாளில் சிவப்புத் தெரிந்தாலோ, நிறுத்தியும் தொடர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

பீற்றூட்டிலும் உருளைக்கிழங்கிலும் பொட்டாசியம் அதிகம். பீற்றூட்டில் ஒட்சலேற்றும் அதிகம். சிறுநீரக நோய் உள்ளவர்களும், முன்பு சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே குடிக்கவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் உருளைக்கிழங்கைப் பாதியாக்கி, கோவாவையும் அவித்த பயற்றினத்தையும் கூட்டிக்கொள்ளலாம். சூப்போடு பாணையும் அளவாகச் சாப்பிடுவது நல்லது. கிட்னி பீன்ஸ் சேர்ப்பதாயின் இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதிய நீரில் 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே மெல்ல அவிக்கவேண்டும். அரைகுறையாக வெந்தால் கடும் வயிற்றுப்போக்கு வரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் விற்கும் சூப் கட்டிகளைத் தவிர்க்கவேண்டும். அவற்றில் உப்பு மிக அதிகம்.

மிஞ்சியதை இரவு முழுதும் அடுப்பிலேயே விடவேண்டாம். வெளியே பனி கொட்டினாலும் நம் வீட்டுக்குள் வெப்பம் ஓடுகிறது. சிறிய பாத்திரங்களில் பிரித்து 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 3 நாட்கள் இருக்கும். உறைய வைப்பதானால் உருளைக்கிழங்கை எடுத்துவிடுங்கள். உறைந்த உருளைக்கிழங்கு சக்கையாகிவிடும்.

அந்தக் குடும்பம் பின்னர் வேலை தேடி மேற்கே போய்விட்டது. போகும்போது அந்த மூதாட்டி எங்களிடம் ஒடியல் கூழின் அளவைக் கேட்டு எழுதி வாங்கினார். அதைச் சொல்ல எங்கள் அம்மம்மாவுக்கு அரை நாள் எடுத்தது. அவரும் அதுவரை அதை எழுதி வைத்ததில்லை. உங்கள் வீட்டிலும் கைக்கணக்கில் சமைக்கும் மூத்தவர்கள் இருந்தால், அடுத்த முறை அவர்கள் சட்டி வைக்கும்போது ஒரு தராசோடும் கொப்பியோடும் பக்கத்தில் நில்லுங்கள்.