தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் யார்?

கடவுள் எல்லோருக்கும் பொதுவானவர் என்றால், ஓர் இனத்தை மட்டும் அவர் ஏன் தெரிந்துகொண்டார்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஞாயிறு பள்ளிகளில் வளரும் பிள்ளைகள் பதின்வயதில் கேட்கக்கூடிய கேள்விதான் இது. கேள்வி நியாயமானது, பதிலும் நியாயமாக இருக்கவேண்டும்.

முதலில் மூலநூலைப் பார்ப்போம். இஸ்ரவேலர் தெரிந்துகொள்ளப்பட்டது அவர்கள் பெரிய கூட்டம் என்பதனாலல்ல, எல்லா மக்களிலும் சிறியவர்கள் அவர்கள் என்றே உபாகமம் சொல்கிறது. ஆபிரகாமை அழைத்தபோது, அவன் வழியாக பூமியின் குடும்பங்கள் எல்லாம் ஆசி பெறும் என்பதே வாக்குறுதி. ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் கடுமையானவர். தெரிந்துகொள்ளப்பட்டதனாலேயே உங்கள் தவறுகளுக்குக் கணக்குக் கேட்கப்படும் என்று எச்சரிக்கிறார். பெலிஸ்தரையும் வழிநடத்தி வந்தவர் அதே கடவுள்தான் என்கிறார். ஆகவே இது சலுகையைவிடப் பொறுப்பையே அதிகம் குறித்த சொல்.

பவுல் இதனை ஒலிவ மரத்தின் உவமையால் விளக்கினார். பிற இனத்துக் கிறிஸ்தவர்கள் அதில் ஒட்டவைக்கப்பட்ட காட்டுக்கிளைகள். வேரைப் பார்த்து அவர்கள் பெருமை பேசலாகாது. ஐரோப்பியத் திருச்சபை இதை மறந்தது. யூதர் தள்ளப்பட்டவர்கள், அவர்கள் இடத்தில் நாமே வந்துவிட்டோம் என்ற போதனை பல நூற்றாண்டு வெறுப்புக்குத் துணைபோயிற்று. நாஜிகளின் யூதப் படுகொலைக்குப் பிறகு, 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதரைத் தள்ளப்பட்டவர்களாகச் சித்திரிக்கலாகாது என்று அறிவித்தது.

இது ஐரோப்பாவின் கதை மட்டுமன்று. ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. அங்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அந்தத் தென்மாவட்ட மண்ணிலேயே இக்கேள்வி ஒருமுறை பற்றியெரிந்திருக்கிறது.

ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல், 1849-இல் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி எழுதிய நூல் அவர்களை இழிவுபடுத்துவதாக இருந்தது. மிஷன் பணியிலிருந்து நீக்கப்பட்ட அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, அப்பார்வையை எதிர்த்தவர்களில் முதன்மையானவர். 1857-இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் அவர் ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். அச்சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், தூபம் காட்டினார்கள். வெள்ளையரின் பழக்கங்களைவிட நம் வழக்கங்களே பண்டைய யூதருடையவற்றை ஒத்தவை என்பது சட்டாம்பிள்ளையின் வாதம். வேதத்துக்கும் தமிழருக்கும் நடுவே ஐரோப்பியத் தரகர் தேவையில்லை என்பது அதன் உட்பொருள்.

ஒப்புமை எவ்வளவு சரியென்பது வேறு விவாதம். தாழ்ந்தவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் தலைநிமிர அந்தப் பழைய கருத்து உதவியது என்பதே நமக்கு முக்கியம். ஆனால் அச்சபை பெரும்பாலும் ஒரே சமூகத்தாரின் சபையாகவே நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: தெரிந்துகொள்ளப்பட்டோம் என்று ஒருவர் சொல்லும்போது, அது எதற்காக, யாருக்காக என்று கேள். நசுக்கப்பட்டவர் நிமிர்வதற்காகவும் பிறருக்கு உதவுவதற்காகவும் சொல்லப்பட்டால் அது மூலநூலின் பொருள். அடுத்தவரை வெளியே நிறுத்தச் சொல்லப்பட்டால், ஆமோஸின் எச்சரிக்கை அவருக்கே உரியது.