கூர்கா காடு

கூர்கா காடு என்பது மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் வடபகுதியில், வாகிகூயா நகரை ஒட்டிய கூர்கா சிற்றூரில், யாக்கூபா சவாடோகோ (1946–2023) என்னும் உழவர் உருவாக்கிய காடு ஆகும். கைவிடப்பட்ட வறள்நிலத்தில் ஏறத்தாழ 40 எக்டேர், அதாவது 100 ஏக்கர் அளவுக்கு வளர்ந்த இக்காட்டில் 60-க்கும் மேற்பட்ட மர, புதர் இனங்கள் உள்ளன. (இவ்வூர்ப் பெயருக்கும் நேபாளத்துக் கூர்க்கர்களுக்கும் தொடர்பு இல்லை.)

பின்னணி

வாகிகூயா அமைந்துள்ள யாத்தெங்கா மாகாணம், சவன்னாப் புல்வெளிகள் சாகெல் வறள்நிலத்தோடு கலக்கும் பகுதியாகும். இங்கு மழை ஏறத்தாழ சூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே பெய்யும். 1968–1973 காலத்து வறட்சியும் 1980களின் வறட்சியும் பயிர்களை அழித்தன. பல குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. மேல்மண் இறுகி ஓடுபோல் ஆகிவிட்டதால், பெய்த சிறிதளவு மழையும் மண்ணுள் இறங்காமல் வழிந்தோடியது. இத்தகைய நிலத்தை மோசி மக்கள் சிப்பெல்லே என்பர். வாகிகூயாச் சந்தையில் வணிகம் செய்துவந்த சவாடோகோ 1980 அளவில் உழவுக்குத் திரும்பினார்.

ஸாய் குழிகள்

ஸாய் என்பது மோசி உழவர்களின் பழைய முறை. கோடையிலேயே நிலத்தில் சிறு குழிகளை வெட்டி, மழை வந்ததும் அவற்றுள் தினை வகைகளையோ சோளத்தையோ விதைப்பர். சவாடோகோ குழிகளை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, அவற்றில் தொழுவுரத்தையும் மட்கிய இலைதழைகளையும் இட்டார். உரத்தைத் தேடிவரும் கறையான்கள் மண்ணைத் துளைப்பதால், நீர் அத்துளைகளின் வழியே கீழே இறங்கித் தங்குகிறது. பொதுவாக உழவர்கள் பகையாகக் கருதும் கறையானை இம்முறை வேலையாளாக்கிக்கொள்வது குறிப்பிடத்தக்கது. வழிந்தோடும் நீரைத் தடுக்க வயலின் குறுக்கே கல்வரிசைகளும் அமைக்கப்பட்டன. இதில் உழைப்பு மிகுதி. ஒரு எக்டேரில் குழி வெட்ட ஏறத்தாழ 300 மணிநேரம் ஆகும் என்று மதிப்பிடப்படுகிறது.

காடு இவ்வயல்களிலிருந்தே தோன்றியது. தொழுவுரத்தோடு வந்த மரவிதைகள் குழிகளில் முளைத்தன. சவாடோகோ அவற்றைக் களையாமல் காத்ததோடு, வேறு இனங்களையும் தேடி விதைத்தார். மருந்துமரங்கள் பல அருகிவந்த பகுதியில் இக்காடு மூலிகைச் சேமிப்பாகவும் பயன்பட்டது. அவரே நாட்டு மருத்துவரும் ஆவார்.

ஊராரும் காடும்

தொடக்கத்தில் ஊரார் அவரைப் பித்தர் என்றனர். மழைக்கு முன் நிலத்தில் கைவைப்பது மரபுக்கு மாறானதாகப் பார்க்கப்பட்டது. அவருடைய மரங்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. அவர் மீண்டும் நட்டார். விளைச்சல் கண்ட பின்னர் பலரும் கற்க வந்தனர். 1984 முதல் அவர் ஆண்டுக்கு இருமுறை சந்தை நாள் நடத்தினார். பல ஊர்களின் உழவர்கள் தத்தம் விதைகளைக் கொணர்ந்து மாற்றிக்கொண்டனர், தாம் கண்டவற்றையும் பகிர்ந்துகொண்டனர். எழுத்தறிவு குறைந்த பகுதியில் இம்முறை வேகமாகப் பரவியதற்கு இச்சந்தை முக்கியக் காரணம் எனலாம்.

நில உரிமைச் சிக்கல்

இக்காட்டுக்குப் பெரிய இடர் வறட்சியால் அன்றி, நகரத்தால் வந்தது. வாகிகூயா விரிவடைந்தபோது காட்டின் நிலமும் வீட்டுமனைத் திட்டத்துக்குள் வந்தது. அங்கு வீடுகளும் எழலாயின. வழக்காற்று உரிமையில் உழுதுவந்த சவாடோகோவிடம் எழுத்துவடிவப் பட்டா இல்லை. தரிசாக இருந்தவரை எவரும் கேளாத நிலம், மரம் வளர்ந்த பின்னரே விலைபெற்றது. தாமே வளர்த்த காட்டை விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

பிற்காலம்

2010-இல் இவரைப் பற்றிய ஆவணப்படம் வெளியானது. 2018-இல் சரியான வாழ்வாதார விருதும், 2020-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் புவிக் காவலர் விருதும் பெற்றார். இதே ஆண்டுகளில் ஆயுதக் குழுக்களின் வன்முறை வடக்கு புர்கினா பாசோவில் பரவி, சுற்றுப்புற ஊர்மக்கள் பெருமளவில் வாகிகூயாவில் தஞ்சம் புகுந்தனர். சவாடோகோ 2023 திசம்பர் 3 அன்று காலமானார்.